நிலைக்கால் வடித்த சிவப்பு

ஐப்பசி அடைமழை இரவெல்லாம் கொட்டிவிட்டு விடியலில் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. புது வீட்டு வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடலாம் என்று விளக்குமாற்றோடு போன குந்தவை, வாசல் நிலையைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

நிலையின் இரண்டு கால்களிலிருந்தும் சிவப்பாக வடிந்திருந்தது. முந்தாநாள்தான் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த வெள்ளையில் கோடு கோடாக இறங்கி, வாசற்படியில் தேங்கி, சிமெண்டுத் தரையில் ஓடிக் காய்ந்துகொண்டிருந்தது. ஆட்டை அறுத்துக் கழுவிவிட்ட இடம் போல இருந்தது. தொட்டுப் பார்க்கக் கை நீண்டது, தொடவில்லை. "அடி ஆத்தே, மாரியம்மா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் மேலே பூனை கீனை செத்துக் கிடக்கிறதா என்று பார்த்திருப்பாள். குந்தவை மேலே பார்க்கவில்லை. திரும்பி, கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய வீட்டைப் பார்த்தாள். அங்கே அவளுடைய மூத்த ஓரகத்தி ராஜாத்தி, ஒன்றும் அறியாதவள் மாதிரி மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கும் அளவுக்குக் குந்தவையின் மனசு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுக் கிளை வாய்க்காலை ஒட்டிய ஊர் அது. தங்கையனுக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் கலியமூர்த்தி வயலைப் பார்க்கிறார். அவர் பெண்டாட்டிதான் ராஜாத்தி. இளையவன் செந்தில்குமார் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி குந்தவை. பழைய வீட்டின் நடுவில் ஒரு சுவர் எடுத்து, தெருப்பக்கம் ராஜாத்தியும் கொல்லைப்பக்கம் குந்தவையும் இருந்தார்கள். அடுப்புதான் இரண்டு, மோட்டார் ஒன்று, மாட்டுக்கொட்டகை ஒன்று, துணிக்கொடி ஒன்று. இவள் வீட்டுக் குழம்பு அவள் வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. மாமனார் இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் அங்கே. அந்தக் கொல்லையின் கீழண்டையில்தான் குந்தவையின் புது வீடு எழுந்திருந்தது.

அந்த வீட்டில் அவளுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், வாசல் நிலை. கல்யாணமான வருஷம் தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்த அவள் அப்பா, கரும்புக்கட்டும் மஞ்சள் கொத்துமாக, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு தேக்கங்கன்றையும் குத்தாலத்திலிருந்து பஸ்ஸிலேயே கொண்டுவந்து இறக்கினார். கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாராம். "வாசலுக்கு ஆவும்மா" என்று தன் கையாலேயே குழி வெட்டி வைத்துவிட்டுப் போனார். அப்பா போய்ச் சேர்ந்தார், மரம் வளர்ந்தது. கஜா புயலில் ஊரே தென்னையைப் பார்த்து அழுதபோது குந்தவை விழுந்து கிடந்த தேக்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். மில்லில் அறுத்து, மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் தார்ப்பாய் போட்டு அடுக்கியாயிற்று. "எங்க அப்பாரு வச்ச தேக்குதான் எனக்கு வாசல்" என்று பால்காரரிடம் கூடச் சொல்லிவைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட நிலை சிவப்பாக வடித்தால் எப்படி இருக்கும்?

சந்தேகம் ஆவணியிலேயே விழுந்துவிட்டது. நிலை நிறுத்துகிற அன்று, குழியில் நவதானியமும் பொன்னும் போட்டுப் பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றினார்கள். எல்லோரும் நிமிர்ந்த பிறகு ராஜாத்தி மட்டும் குனிந்தாள். மடியிலிருந்து ஏதோ எடுத்துக் குழிக்குள் விட்டாள். குந்தவை பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்க நேரமில்லை, நல்ல நேரம் தவறிவிடும் என்று ஆசாரி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மகள் எழில்மொழி காலேஜ் படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். சினை மாடு கன்று போட்டது, கன்று தங்கவில்லை. சம்பா நாற்றங்கால் தண்ணீரில் அழுகிப்போனது. அழுகியது ஊரில் எல்லோருக்கும்தான் என்றாலும், குந்தவைக்குத் தன்னுடையது மட்டும்தான் கண்ணில் பட்டது.

நிலையைச் செய்த பஞ்சநதம் ஆசாரி அன்று காலை கதவு பொருத்த வந்தார். இத்தனை நாள் நிலையைச் சாக்குப் போட்டுச் சுற்றி வைத்திருந்தவர், முதல்நாள்தான் அவிழ்த்து மறுபடியும் இழைத்துவிட்டுப் போயிருந்தார். முன்பக்கம் போர்ட்டிகோ போடாததால் சாரல் நேராக அடித்திருக்கிறது.

"ஆசாரியாரே, என்ன இது?"

அவர் படியைப் பார்த்தார். குந்தவையின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஈரம்மா. ஈரத்துல மரம் கொஞ்சம் சாயம் விடும். எண்ணெய் குடுத்து பாலிஷ் போட்டா நின்னுடும்."

"தேக்கு சாயம் விடுமா?"

"மரத்துக்கு மரம் ஒரு குணம்மா."

"நம்ம ஊர்ல தேக்கு பாத்திருக்கேன், புதாத்துக் கரையெல்லாம் தேக்குதான். எதுவும் ரத்தமா வடிச்சுப் பாத்ததில்லையே?"

"ரத்தங்கிறீங்களே, நல்ல நாளும் அதுவுமா" என்று சொல்லிக்கொண்டே பைக்குள் உளியைத் தேடினார். உளி அவர் கையிலேயே இருந்தது. குந்தவை அதையும் பார்த்தாள். மனிதர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றிவிட்டது. அவர் காலடியில் இழைப்புச் சுருள் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது, அவர் உள்ளங்கைகூட மஞ்சள் பூசினது மாதிரி இருந்தது. இந்த மரத்தை இழைக்கிறபோதெல்லாம் "இழைப்புளி கடிக்குதே, கல்லாட்டம் இருக்கு" என்று அவர் முனகியதும் ஞாபகம் வந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

பிரபு அவளுக்கு ஒரே தம்பி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவன் தும்மினால் இவளுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும், அப்படி ஒரு பாசம். போன வருஷம் குத்தாலத்தில் வீடு கட்டிக் குடிபோனான். கூடப்பிறந்தவள் கையால் நிலைக்கு மஞ்சள் பூச வேண்டும் என்று இவளைத்தான் முதலில் கூப்பிட்டான். அந்த நிலைக்காலில் ஓரிடத்தில் காசு அளவுக்கு ஒரு கருப்புத் தழும்பு இருந்தது. தம்பி வாசலில் இது என்ன திருஷ்டி மாதிரி என்று, சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் பெரிதாக அப்பிக் குங்குமம் வைத்து மறைத்துவிட்டு, மனசார வாழ்த்திவிட்டு வந்தாள்.

"பிரபு, நிலையிலேருந்து செவப்பா வடியுதுடா."

அவன் போனைக் காது மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா? அந்த வீட்டு ஆளுங்களை நம்பாதன்னு. உங்க ஓரகத்தி பார்வையே சரியில்லை."

"அவங்க நல்லாத்தான்டா இருந்தாங்க..."

"நல்லாத்தான் இருப்பாங்க. வீடு எழும்புதுல்ல, வயிறு எரியும்ல? குழியில என்னமோ போட்டாங்கன்னு நீதானே சொன்ன? மாமாகிட்ட எதுவும் சொல்லிக்கிட்டு இருக்காத. அம்மாபேட்டைப் பக்கம் ஒரு பூசாரி இருக்காரு, கூட்டியாரேன்."

செந்தில்குமார் வீடியோவில் வந்தபோது அவள் நிலையைக் காட்டினாள். அவனும் மரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மழைதான், விடு. அண்ணன்கிட்ட இதெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு நிக்காத" என்றான். கேட்காதே என்று ஏன் சொல்கிறான்? அது ஒரு முள்ளாக உள்ளே தங்கியது.

பூசாரி வந்தார். பூசாரி என்றால் காவியும் உடுக்கையும் இல்லை, பளிச்சென்று வெள்ளைச் சட்டையும் பைக்குள் இரண்டு போனுமாக புல்லட்டில் வந்து இறங்கினார். நிலையைச் சுற்றி வந்தார், சிவப்பை மோந்து பார்த்தார், எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிரபு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"ரத்த உறவு இல்லை. ஆனா ஒரே வேலிக்குள்ள இருக்கிற கை. பொம்பளைக் கை. அவ வீட்டுப் பொருள் ஒண்ணு இந்த வாசல்ல இருக்கு."

குந்தவை பழைய வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க செய்யணும்?"

"செவ்வாக்கெழமை நெலையைக் கெளப்பி, குழியை நோண்டிப் பாத்துடுவோம். எடுக்காம குடிபோனீங்கன்னா நான் பொறுப்பில்லை."

நிலையைக் கிளப்புவதா! நிறுத்தின நிலையைக் கிளப்புவது என்றால் அந்த வீட்டுக்கு இழவு சொல்வது மாதிரி. அதுவும் மூத்தார் கண்ணெதிரே, அவர் பெண்டாட்டி செய்வினை வைத்தாள் என்று சொல்லிக் கிளப்பினால், அதற்குப் பிறகு அந்தக் கொல்லையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியுமா? ஆனாலும் மகள் முகம் நினைவுக்கு வந்தது. "சரிங்க" என்று தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் ராஜாத்தி வழக்கம்போல ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். குந்தவை அதை வாங்கிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்த் தென்னை மரத்தடியில் ஊற்றினாள். நாய் வந்து நக்கியது. நாய்க்கு ஏதாவது ஆகிறதா என்று நின்று பார்த்தாள், அதுதான் கொடுமை. நிமிர்ந்தபோது கொடிக்கு அந்தப் பக்கம் ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு ராஜாத்தி நின்றிருந்தாள்.

"நாய்க்குப் புளிப்பு கூடுதலா இருக்காமா?" என்றாள் ராஜாத்தி.

குந்தவை காலிக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"வாயத் தொறந்து கேளேண்டி. பூசாரி வந்தது ஊருக்கே தெரியுது. புல்லட் சத்தம் வாய்க்கால் வரைக்கும் கேக்குது. நான் என்னமோ வச்சுட்டேங்கிற, அதானே?"

"நிலை வச்ச அன்னைக்குக் குழியில என்ன போட்டீங்க?"

ராஜாத்தியின் முகம் ஒரு கணம் மாறியது. அதைப் பார்த்ததும் குந்தவைக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. "போட்டேன். சொல்லமாட்டேன். கெளப்பித்தான் பாருங்களேன், உன் தம்பியும் நீயும்" என்று சொல்லிவிட்டு, புடவையை உதறிக் கொடியில் போட்ட வேகத்தில் கொடியே அறுந்து விழுந்தது. சேற்றில் விழுந்த புடவையை எடுக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அந்த மாதம் மாமனார் தங்கையன் குந்தவையின் முறை. கிழவருக்குச் சர்க்கரை. காலையில் பல் விளக்கியதும் மரத் தம்ளரில் இரவே ஊற்றி வைத்த தண்ணீரைக் குடிப்பார். போன மாதம் அங்கே இருந்துவிட்டு வரும்போதுதான் அந்தத் தம்ளரோடு வந்தார். வேங்கை மரத் தம்ளர், சர்க்கரைக்கு நல்லது என்று ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பதுதான்.

திங்கட்கிழமை காலை அவர் குடித்தது போக அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. குந்தவை அதை வாசலில் வீசினாள். வெள்ளையடித்த கைப்பிடிச் சுவரில் பட்டு வழிந்தது. வழிந்த இடத்தில் செம்பழுப்பாகக் கோடு விழுந்தது.

குந்தவை அப்படியே நின்றாள். சுவரைப் பார்த்தாள். எதிரே புது வீட்டு நிலையைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள். ஒரே நிறம். விறுவிறுவென்று போய் நிலையடியில் கிடந்த இழைப்புச் சுருளில் ஒரு கை அள்ளிவந்து, கண்ணாடிக் கிளாசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் தண்ணீர் தேன் நிறத்துக்கு வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் நீலமாக ஒரு பளபளப்பு. தம்ளர்த் தண்ணீரிலும் அதே நீலம் ஓடுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள்.

"மாமா, இந்தத் தம்ளர் ஏது?"

"பஞ்சநதம் கொடைஞ்சு குடுத்தான். உன் நெலைக்கு அறுத்ததுல மிஞ்சின துண்டு" என்றார் கிழவர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு வந்திருக்குன்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து நடையைக் கட்டிவிட்டார்.

ரத்தம் இல்லை, செய்வினை இல்லை. வேங்கை மரத்துச் சாயம். நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். ஆனால் இருந்த உயிரும் போனது. நிலை வேங்கை என்றால் அப்பா வைத்த தேக்கு எங்கே?

மாட்டுக்கொட்டகைக்குள் போய் வைக்கோலைப் பிடுங்கிப் போட்டாள். பாதி நனைந்த வைக்கோல், கைக்குக் கை கனத்தது. தார்ப்பாயை இழுத்தாள். உள்ளே தென்னஞ்சட்டமும் பழைய நுகத்தடியும்தான் இருந்தன. தேக்கில் ஒரு சில்லுகூட இல்லை. குந்தவை தலையில் வைக்கோல் தூசியோடு உட்கார்ந்துவிட்டாள். அப்போ இதுதான் சங்கதி. வித்துத் தின்றுவிட்டார்கள். மரத்தைத் தின்றுவிட்டு, ஆசாரியையும் கைக்குள் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு கட்டையை நிறுத்திவிட்டுத் தேக்கு என்று ஏமாற்றியிருக்கிறார்கள். கிழவர்வரை கூட்டு. பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ராஜாத்தி கொல்லையில் அரிவாள்மனையில் விரால் ஆய்ந்துகொண்டிருந்தாள். வயலில் தண்ணீர் ஏறினால் விராலுக்குப் பஞ்சமில்லை. சாம்பலைத் தொட்டு மீனை வழுக்காமல் பிடித்துச் செதிலைச் சீவிக்கொண்டிருந்தவள், நிழல் விழுந்ததும் தலை நிமிரவில்லை.

"நாளைக்குத்தானே செவ்வாக்கெழமை? இன்னைக்கே வந்துட்டியா?"

"என் தேக்கு எங்கக்கா?"

செதில் சீவிய கை நின்றது.

"கேக்கறேன்ல? எங்க அப்பாரு வச்ச தேக்கு எங்க? வாசல்ல நிக்கிறது வேங்கை. எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாருக்கு வித்தீங்க?"

"வித்தோமா?" ராஜாத்தி மீனைச் சட்டியில் போட்டாள். "விக்கிற குடும்பமாடி இது? நீ தஞ்சாவூரு ஆஸ்பத்திரியில டெங்குன்னு மவளைப் போட்டுக்கிட்டுக் கெடந்தப்ப, உன் வயல்ல எவ கருக்கரிவா புடிச்சு அறுத்தா? உன் மாட்டை எவ கறந்தா?"

"அதைக் கேக்கலை. மரம் எங்க?"

"கேக்காத குந்தவை. போயிடு. கேட்டா தாங்கமாட்ட."

"இனிமே தாங்கறதுக்கு என்ன இருக்கு? சொல்லுங்க. இல்லாட்டி நாளைக்கு நிலையைக் கெளப்பத்தான் போறேன்."

ராஜாத்தி கையைக் கழுவினாள். அவசரமில்லாமல் முந்தானையில் துடைத்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசுகிறவள், இதற்கு வார்த்தை தேடினாள். "மில்லுல அறுத்தப்ப ரம்பப் பல்லு போச்சே, ஞாபகம் இருக்கா? மில்லுக்காரன் கத்துனான்ல?"

"எனக்கு எங்க தெரியும்? பெரிய மச்சான்தானே மில்லுக்குப் போனாரு."

"துணிக்கொடி கட்ட மரத்துல நீ ஒரு ஆணி அடிச்ச. மரம் வளந்து அதை முழுங்கிருச்சு. அறுக்கையில ரம்பம் அதுல பட்டுத் தெறிச்சுது. ஆணியைப் புடுங்கிப் பாத்தா, பலகையில ஆணி இருந்த எடம் கன்னிப்போய்க் கருப்பா..."

"கருப்பா?"

"காசாட்டம் வட்டமா ஒரு தழும்பு."

குந்தவைக்குச் சந்தனம் குழைத்த கிண்ணம் கண் முன்னால் வந்தது. தன் கட்டைவிரல் வந்தது. தழும்பின்மேல் சந்தனத்தை அப்பி அப்பி மறைத்ததும், பக்கத்தில் நின்ற பிரபு, "மலேசியா மரம்க்கா, அதுல அப்படித்தான் இருக்கும்" என்று கேட்காமலேயே சொன்னதும் வந்தது. தான் அடித்த ஆணி. தான் வைத்த பொட்டு.

"பிரபுவா?" என்றாள்.

"நீ ஆஸ்பத்திரியில இருக்கையில டாட்டா ஏஸ் வண்டி எடுத்துக்கிட்டு வந்தான். அக்காதான் ஏத்தியாரச் சொல்லுச்சுன்னான். உங்க மச்சானுக்கு என்ன தெரியும், தானே கைபோட்டு ஏத்தி விட்டாரு. அப்புறம் பேச்சுவாக்குல உன் புருஷன்கிட்ட சொன்னாரு. அப்படி நீ ஒண்ணும் சொல்லலைன்னு அவன் சொல்லித்தான் தெரிஞ்சுது. போன் போட்டுக் கேட்டா உன் தம்பி ஓன்னு அழுவுறான். என் வீட்ல நிலை நிறுத்தியாச்சு, அக்காளுக்குத் தெரிஞ்சா என் வாசலை மிதிக்காதுங்கிறான். நம்ம மாமா சொன்னாரு, பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கிறது அவன் ஒருத்தன், யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு. ஆசாரிகிட்டயும் சத்தியம் வாங்கியாச்சு."

"அவருக்கும் தெரியுமா? என் புருஷனுக்கும்?"

"எல்லாருக்கும் தெரியும்டி. உன்னைத் தவிர."

தன்னைச் சுற்றி ஒரு வீடே கூடி ரகசியம் வைத்திருக்கிறது என்று அவள் சந்தேகப்பட்டது பொய்யில்லை. வைத்தவர்கள்தான் வேறு. ஆணிவேராக நம்பினவன் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நிலைக்குப் பக்கத்திலேயே நின்றானே! மரம் எடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம், கேட்டிருந்தால் அவளே ஏற்றி அனுப்பியிருப்பாள். தன் களவு தெரியக்கூடாதென்று இவர்கள்மேல் பழியைத் திருப்பிவிட்டானே, அதை எப்படி மன்னிப்பது?

"அப்ப இந்த வேங்கை?"

ராஜாத்தி மறுபடியும் அரிவாள்மனையில் உட்கார்ந்தாள். "திருவோணம் ஊருல எங்க அப்பா வீட்டைப் பிரிச்சாங்கள்ல. உத்தரம் ரெண்டு என் பங்குக்கு வந்துச்சு. மழையில கெடந்து மக்கிப் போறதுக்கு நிமிந்து நிக்கட்டுமேன்னு குடுத்தேன். உனக்காக ஒண்ணும் குடுக்கலை, ரொம்ப நெனச்சுக்காத. நல்ல வைரம் பாஞ்ச மரம். கரையான் கிட்ட வராது. தேக்குக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லை."

"குழியில போட்டது?"

"எங்க வீடு இருந்த எடத்து மண்ணு. ஒரு சிட்டிகை. அத்தனை வருஷம் அங்க நின்ன மரம், புது எடத்துல நிக்கப் போவுதேன்னு..." ராஜாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மீனைப் பிடித்து வெட்டினாள். "அதைப் போயி செய்வினைங்கிற. நாய்க்கு ஊத்துற என் கொழம்பை."

பூசாரி சொன்னது சரிதான். ஒரே வேலிக்குள்ள இருக்கிற பொம்பளை, அவ வீட்டுப் பொருள் இந்த வாசல்ல இருக்கு. பிரபு சொல்லிக்கொடுத்துத்தான் சொன்னாரோ, வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ, யாருக்குத் தெரியும். குந்தவை அப்படியே சேற்றுத் தரையில் உட்கார்ந்து, ராஜாத்தியின் மீன் வாடைக் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

"ஏய், கத்தி இருக்குடி, விடு" என்றாள் ராஜாத்தி. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வர இருந்த பூசாரியை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பிரபு போன் மேல் போன் போட்டான். "குடிபோற அன்னைக்கு வா" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செந்தில்குமார் வீடியோவில் வந்தபோது போனை மாமனாரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவனிடம் பேசுவதற்கு நிறைய இருந்தது. அவன் ஊருக்கு வரட்டும் என்று விட்டுவைத்தாள். பஞ்சநதம் ஆசாரி நிலைக்கு எண்ணெய் கொடுத்து பாலிஷ் போட்டார். மரம் பொன்னும் பழுப்புமாகக் கோடு ஓடி, பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. சுவரில் வழிந்த சாயத்தின்மேல் எத்தனை தடவை வெள்ளை அடித்தும் மஞ்சளாகக் கசிந்துகொண்டே இருந்தது. "இருந்துட்டுப் போவுது விடுங்க" என்றாள் குந்தவை.

குடிபோவதற்கு முதல்நாள் சாயங்காலம் குந்தவை ராஜாத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். "நீங்கதான்க்கா விளக்கு எடுத்துக்கிட்டு முதல்ல உள்ள போவணும்."

"பூசாரிகிட்ட கேட்டுக்கிட்டியா?"

குந்தவை தலையைக் குனிந்துகொண்டாள். வாங்க வேண்டியதை வாங்கித்தானே ஆக வேண்டும். ராஜாத்தி அவளை நன்றாக நிற்க வைத்துவிட்டு, "என்ன கலர் பொடவை கட்டுறதாம்?" என்று கேட்டாள்.

குடிபோகிற அன்று மழை இல்லை. இரவல் வாங்கிவந்த பசுவும் கன்றும் முன்னே போக, குத்துவிளக்கோடு ராஜாத்தி படி தாண்டினாள். நிலைக்குக் கீழே கால் வைக்கும்போது ஒரு கையால் நிலைக்காலைத் தொட்டு மெல்லத் தடவியதைக் குந்தவை பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. உள்ளே அடுப்பு மூட்டிப் பால் வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேளம் கேட்டது. பிரபு பெண்டாட்டியோடும் சொந்தக்காரர்களோடும் சீர் கொண்டுவந்தான். பட்டு, பழம், வெண்கலக் குத்துவிளக்கு, தட்டுத் தட்டாக. வாசலுக்கு வந்ததும் நிலையை அண்ணாந்து பார்த்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "எங்க அப்பா வச்ச தேக்கு, எப்படி இருக்கு பாத்தீங்களா?" என்றான். பாவி, சொல்லும்போது கண்கூடக் கலங்கியது.

குந்தவை படிக்கு உள்பக்கம் நின்றாள்.

"அந்தத் தேக்குல ஒரு ஆணித் தழும்பு இருக்கும்டா தம்பி. நான் அடிச்ச ஆணி. இதுல இருக்கா பாரு."

மெதுவாகத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. பிரபுவுக்கு விளங்கியது. நீட்டிய தட்டு நீட்டியபடி நின்றது. தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு படியில் விழுந்தது.

"அக்கா... நான்..."

"எங்கிட்ட குடுக்காத." அடுப்படியில் இருந்த ராஜாத்தியைக் காட்டினாள். "இந்த வாசல் எங்க அக்கா பொறந்த வீட்டுச் சீரு. அவங்க வீட்டு உத்தரம்தான் இங்க நிக்குது. தட்டை அவங்ககிட்ட குடு. குடுத்துட்டு, அவங்க உள்ள வான்னு சொன்னா வா."

மேளக்காரர் ஒன்றும் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார். தங்கையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலியமூர்த்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிரபு படிக்கு வெளியே, தட்டும் கையுமாக, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அப்படி நிற்பதைப் பார்க்கக் குந்தவைக்குப் பொறுக்கவில்லை. இருந்தாலும் அவள் நகரவில்லை.

அடுப்படியிலிருந்து ராஜாத்தி வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தாள். பிறகு தட்டை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பால் பொங்கற நேரத்துல வாசல்ல என்ன நிப்பு? உள்ள வா" என்றாள். "தலையக் குனிஞ்சு வா தம்பி. வேங்கை, இடிச்சா தாங்கமாட்ட."